நெல் இருந்தது, ஆள் இல்லை

1800-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் சென்னையிலிருந்து மேற்கே புறப்பட்டார். திப்பு சுல்தான் வீழ்ந்து ஓராண்டு நிறைய இன்னும் சில நாள்களே இருந்தன. மைசூர், கனரா, மலபார் பகுதிகளின் உழவையும் தொழில்களையும் நேரில் பார்த்து எழுதும்படி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய பயணம் அது. தொடக்கத்திலேயே குன்றத்தூரில் தங்கிய புக்கானன், செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறார். இரண்டு மேட்டு நிலங்களுக்கு நடுவே இருந்த திறப்பைக் கரைபோட்டு அடைத்து உண்டாக்கிய ஏரி. ஏழெட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம். மழை பொய்த்தாலும் 32 ஊர்களின் வயல்களுக்குப் பதினெட்டு மாதம் தண்ணீர் தரும் என்றும், அந்த ஊர்களில் 5,000 பேர் உழவுத் தொழிலில் இருக்கிறார்கள் என்றும் ஊரார் அவரிடம் சொன்னார்கள்.

அந்தக் கரைமேல் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இருபது ஆண்டு முந்தைய இன்னொரு கணக்குதான் நினைவுக்கு வரும். 1780 ஆகஸ்டு கடைசியில் ஜெனரல் ஹெக்டர் மன்றோ, மைசூரை ஆண்ட ஹைதர் அலியை எதிர்க்க, பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் படையெடுத்துப் போனார். ஐயாயிரத்துச் சொச்சம் வீரர்கள். கையில் ஏறக்குறைய எட்டு நாளைக்கான அரிசி. வழியெல்லாம் ஏரிப் பாசனம் உள்ள ஊர்கள், நூறாண்டுகளாக நெல் விளைந்த மண். ஆனாலும் அந்தப் படை பதினைந்து நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டும் சென்னைப் படையின் கதை பெரும்பாலும் அரிசியைத் தேடி அலைந்த கதைதான். பீரங்கியில்லாமல் அது தோற்றதாகச் சொல்ல முடியாது. அரிசிக்குப் பொறுப்பான ஆள் இல்லாமல் தோற்றது என்று சொல்லலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் கோட்டை, பீரங்கி, துரோகம் என்று போய்விடுகிறார்கள். படைக்குச் சோறு போட்டவர்கள் யார், அவர்களை யார் வேலைக்கு வைத்தது, சம்பளமா தரகா, கணக்கை யார் பார்த்தார்கள் என்ற கேள்வி ஓரத்திலேயே கிடக்கிறது. என் பார்வையில் மொத்தச் சிக்கலும் ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் யாருடைய ஆள்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சிப்பாய் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சேர் அரிசி, இன்றைய அளவில் ஏறக்குறைய 900 கிராம். பொதிமாடு ஒன்று நெடுவழியில் சுமக்கக்கூடியது அறுபத்தைந்து கிலோ அளவுதான். பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது டன் அரிசி என்றால் 140 மாடு. நாற்பது நாளைக்கு 5,600 மாடு. இது சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும். அவர்களோடு குடும்பங்கள், சமையல்காரர், குதிரைக்காரர், புல்லறுப்போர், வண்ணார், நாவிதர், பல்லக்குத் தூக்குவோர், கூலிகள், கடைக்காரர்கள் என்று வீரர்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆள்கள் நடந்தார்கள். அவர்களுக்கும் பசிக்கும். கூடாரம், மருந்து, குண்டு, சாராயம் எல்லாவற்றுக்கும் வேறு மாடுகள் வேண்டும். பீரங்கி இழுக்கும் மாடுகள் தனிக் கணக்கு. மாட்டுக்கும் தீனி வேண்டும், மழையில் நனைந்த சேற்று நிலத்தில் குளம்பு அழுகும், பழக்காத மாடு பொதியை உதறித் தள்ளும்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் இருப்பது நெல், படை கேட்பது அரிசி. நெல்லைக் குத்தினால் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். அந்தக் காலத்தில் எல்லாம் உரலும் உலக்கையும்தான், குத்தியவர்கள் பெண்கள்தான். ஊர்ச்சனம் ஓடிப்போன கிராமத்தில் களஞ்சியம் நிறைய நெல் கிடைத்தாலும், உலக்கை பிடிக்கக் கையில்லையென்றால் மறுநாள் காலையில் அது சோறாகாது. உயிருள்ள ஊர்தான் படைக்கு அரிசி தர முடியும். எத்தனையோ தளபதிகள் இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள்.

சரி, சென்னையை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இதற்கு என்ன ஏற்பாடு இருந்தது? நிலையான துறை எதுவும் இல்லை. சண்டை வந்தால் ஒரு கமிசரியை நியமிப்பார்கள். பெரும்பாலும் கம்பெனியின் குமாஸ்தா பதவியிலிருந்து வந்தவர், அல்லது கவுன்சில் உறுப்பினர்களுக்கு வேண்டியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, தெலுங்கு தெரியாது, நெல் ரகம் தெரியாது. அவருக்குக் கீழே துபாஷ் ஒருவர். பேச்சு, பேரம், கடன், ஆள் பிடிப்பது எல்லாம் துபாஷின் கையில். அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளைகள், மாட்டு மேஸ்திரிகள், தண்டல்கள், லஸ்கர்கள், பியூன்கள். பாளையத்துக் கடைத்தெருவுக்குக் கொத்தவால். சென்னையில் கொத்தவால் சாவடி என்று இன்றும் வழங்கும் பெயரில் அந்தப் பதவி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலை, எடை, திருட்டு, சண்டை எல்லாவற்றுக்கும் கொத்தவால்தான் நடுவர்.

இந்த அடுக்கில் மேலே இருக்கும் இரண்டு மூன்று பேர் மாறிக்கொண்டே இருந்தார்கள். கீழே இருந்தவர்கள்தான் வேலை தெரிந்தவர்கள். ஒரு கரிசை நெல்லுக்கு 400 மரக்கால் என்பதும், ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்பதும், எந்த மிராசுதாரின் வீட்டில் பழைய நெல் இருக்கிறது என்பதும் கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். அவர் பெயர் எந்தப் போர் வரலாற்றிலும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை 1753-லேயே திருச்சியில் வெளியே தெரிந்துவிட்டது. பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் சூழ்ந்திருந்த நேரம். கோட்டைக்குப் பொறுப்பாக இருந்தவர் கேப்டன் டால்டன். நகரத்துக்குள் தானியம் போதுமான அளவு இருக்கிறது என்று ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் பிரதிநிதி ஹைருதீன் கான் திரும்பத் திரும்ப உறுதி சொல்லிவந்தார். டால்டன் ஒருநாள் கெடுபிடியாகக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. விலை ஏறியிருந்த நேரத்தில் கிடங்கு நெல்லின் பெரும்பகுதியை விற்றுவிட்டிருந்தார்கள். மிச்சம் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். கடலோரத்தில் இருந்த மேஜர் லாரன்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருச்சிக்கு ஓடிவர வேண்டியதாயிற்று. ஒரு மனிதர் வந்து கிடங்கைத் திறந்து, மூங்கிலைக் குத்தி ஆழம் பார்த்திருந்தால் போதும். பார்க்கும் அதிகாரமுள்ள ஆள் கம்பெனிக்குக் கோட்டைக்குள் இல்லை.

அந்த நெருக்கடியில் திருச்சியைக் காப்பாற்றியது தஞ்சாவூரிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் வந்த தானிய வண்டிகளும் பொதிமாடுகளும்தான். காடுகளுக்குள் பாதை தெரிந்து, இரவில் நகர்த்தி, வழிமறிக்கும் குதிரைப்படைக்குத் தப்பவைத்து அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் யூசுப் கான். மருதநாயகம் என்று நாம் கொண்டாடும் அவரை வாளோடு மட்டுமே நினைக்கிறோம். அவருடைய உண்மையான திறமை வழித்துணைப் படை நடத்துவதிலும், எதிரியின் வழித்துணைப் படையை அறுப்பதிலும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டுப் பக்கமிருந்து யூசுப் கானும் கேப்டன் பிரெஸ்டனும் பிரெஞ்சுப் படையின் தீவனத்தையும் தானியத்தையும் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். பூந்தமல்லி, பரங்கிமலை வட்டாரம் முழுக்க அந்த ஆட்டம் நடந்தது. முற்றுகைக்காரனே முற்றுகைக்குள் சிக்கிய கதை அது.

1780-க்கு வருவோம். செம்பரம்பாக்கமும் பூந்தமல்லியும் காஞ்சிபுரமும் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையை 1763-ல் நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்திருந்தார். கம்பெனி அதை நேரில் ஆளவில்லை. நவாபுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு வருமானத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அந்த ஜாகீரை ஊர் ஊராக அளந்திருந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். எத்தனை வீடு, எத்தனை காணி, எத்தனை ஏரி, விளைந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. இருநூறு ஆண்டு கழித்து ஆய்வாளர் தரம்பாலும் அவர் வழி வந்தவர்களும் அந்த ஆவணங்களைத் தூசிதட்டி எடுத்தபோது நாம் வியந்தோம். 1780-ல் அவை கோட்டைக்குள்ளேயே இருந்தன. உலகத்தில் எந்தப் படைக்கும் தன் வாசலைச் சுற்றியுள்ள நெல்லைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான கணக்கு கிடைத்திருக்காது. அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ச்சாவடிக்குப் போய், பணம் கொடுத்து, நெல்லைக் குத்தவைத்து, மூட்டை கட்டி அனுப்பக் கம்பெனிக்கு ஓர் ஆள்கூட இல்லை. ஊரில் இருந்ததெல்லாம் நவாபின் குத்தகை ஆள்கள். அவர்கள் நவாபுக்கும், நவாபின் கடன்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஜூலையில் ஹைதர் அலி மலையிறங்கினார். சென்னையைச் சுற்றி ஒரு வளையம் போட்டு ஊர்களைக் கொளுத்தும்படி அவருடைய குதிரைப்படைக்குக் கட்டளை இருந்தது. எதிரிப் படைக்கு அரிசி கிடைக்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஊர்கள் காலியாயின. மன்றோவுக்கு அரிசி வேண்டும் என்றபோது நவாப் தரப்பு ஓர் அதிகாரியைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பியது. வந்தவரிடம் படையோடு இருக்கும்படி உத்தரவு இருந்தது, ஒரு நாள் அரிசி வாங்கிக்கொடுக்கும் அதிகாரம் இல்லை. மன்றோ அக்கம்பக்கத்தில் கிடைத்த தானியத்தைக் காஞ்சிக் கோயிலுக்குள் சேர்த்துவைத்தார். அதுவே அவருக்குக் கால்விலங்கானது. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லியின் படை வந்துகொண்டிருந்தது. கொசஸ்தலையாற்றின் வடகரையில் ஓர் இரவு தங்கியதில் வெள்ளம் வந்து சிக்கி, செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அது ஆற்றைக் கடந்தது. பெய்லியைப் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டிய மன்றோ, கோயிலை விட்டு நகர்ந்தால் கைவசமிருக்கும் அரிசியும் போய்விடும் என்று நகராமல் இருந்தார். கர்னல் ஃபிளெட்சரின் கீழ் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. மறுநாள் மன்றோ கனத்த பீரங்கிகளையும் சாமான்களையும் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார்.

பொள்ளிலூர்த் தோல்விக்கு மன்றோவின் கோழைத்தனம், பெய்லியின் தாமதம், வெடிமருந்துப் பெட்டிகள் வெடித்தது என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் கோயிலில் குவித்த அந்தச் சில நாள் அரிசிதான் ஒரு தளபதியை ஒரே இடத்தில் கட்டிப்போட்டது. அரிசி தேடிக் கொண்டுவரும் துறை ஒன்று இருந்திருந்தால் அவர் அரிசிக்குக் காவல் இருந்திருக்க வேண்டியதில்லை.

நவம்பரில் தலைமைத் தளபதி சர் ஐர் கூட் வங்காளத்திலிருந்து பதினைந்து லட்சம் ரூபாயோடு வந்து இறங்கினார். ஜனவரியில் பரங்கிமலையை விட்டுக் கிளம்பியபோது வண்டிமாடு போதாமல் வீரர்களின் முதுகிலேயே அரிசியை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் கடலோரம் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடலாம். கப்பலில் அரிசி வரும் கரையை விட்டு அவரால் விலக முடியவில்லை. கடலூரில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார். 1781 ஜூனில் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கியது அங்கே சேர்த்துவைத்திருந்த தானியத்துக்காக. அது தோற்றது. ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் வென்றார், வென்ற பிறகு ஹைதரைத் துரத்த மாடில்லை. ஆகஸ்டு 22-ல் திருப்பாச்சூர் கோட்டையைப் பிடித்தபோது படையின் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. திருவள்ளூருக்குப் பக்கத்தில், இன்று நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊர் அது. சோளிங்கரில் வென்ற பிறகும் பாளையங்களுக்குள் நுழைந்து நெல் தேடிக்கொண்டிருந்தார். 1782 ஜனவரியில் வேலூர்க் கோட்டைக்கு அரிசி கொண்டுபோகும் வழியில் அவருக்குப் பக்கவாதம் போல வந்து விழுந்தார். பல்லக்கில் படுத்தபடியே தானியத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு நாட்டின் தலைமைத் தளபதி, தன் உடம்பையே பொதிமாடாக்கியதைப் போல.

கூட்டுக்கும் கவர்னர் மெக்கார்ட்னிக்கும் நடந்த சண்டை அந்தக் கால ஆவணங்களில் நிறைந்து கிடக்கிறது. மாடில்லை, அரிசியில்லை என்று தளபதி எழுதுவார். கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று என்று கவுன்சில் எழுதும். கூட்டுக்கு வங்காள அரசு தனி அதிகாரம் கொடுத்திருந்தது, பணப்பெட்டி சென்னையில் இருந்தது, வயல்கள் நவாபின் பெயரில் இருந்தன. 1781 டிசம்பரில்தான் கர்நாடகத்தின் வருவாயை நவாபிடமிருந்து கம்பெனி எழுதிவாங்கியது. மூன்று எசமானர் இருக்கும் வீட்டில் அடுப்பு எரியாமல் போனதில் வியப்பில்லை. இதே மாதிரி 1768-ல் கர்னல் ஜோசப் ஸ்மித்தோடு கவுன்சிலின் களப் பிரதிநிதிகளை அனுப்பித் தளபதியின் கையைக் கட்டிய அனுபவம் ஏற்கெனவே இருந்தது. பதின்மூன்று ஆண்டில் பாடம் எதுவும் ஏறவில்லை.

பஞ்சம் வந்தது. 1782 அக்டோபர் புயலில் சென்னைத் துறைமுகத்தில் நின்ற ஏராளமான அரிசிக் கலங்கள் மூழ்கின. படைக்கு வரவேண்டிய அரிசியும் போனது, நகரத்துக்கு வரவேண்டியதும் போனது. அந்தப் பஞ்சத்தில் ஊர்களிலிருந்து ஓடிவந்த மக்களுக்காகத் தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் மணியக்காரர் சத்திரமாக நிலைத்தது. பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பக்கத்து மக்களும் அந்தச் சாலையில்தான் நடந்து வந்திருப்பார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை.

அந்தக் கப்பல்களில் வந்த வங்காள அரிசிக்கு ஒரு பின்கதை உண்டு. சென்னைக்கு அரிசி வாங்கி அனுப்பும் பொறுப்பைக் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் கவுன்சிலின் செயலாளர் ஆரியல் என்பவரிடம் கொடுத்தார். ஊதியம்: வாங்கியதில் நூற்றுக்குப் பதினைந்து தரகு. கல்கத்தாக் கோட்டைக்குச் சாமான் வாங்கிய பெல்லிக்கு நூற்றுக்கு முப்பது. பின்னாளில் லண்டன் நாடாளுமன்றத்தில் ஹேஸ்டிங்ஸ்மீது நடந்த விசாரணையில் இவ்விரண்டும் குற்றப் பத்திரிகையில் ஏறின. ஏழாண்டு நடந்த விசாரணையின் முடிவில், 1795-ல், அவர் விடுதலையானார். என்றாலும் கேள்வி தீரவில்லை. பஞ்ச காலத்தில் அரிசி விலை ஏற ஏறத் தரகும் ஏறும். விலை இறங்கினால் வாங்குகிறவருக்கு நட்டம். பசித்தவனுக்கும் வாங்கித் தருகிறவனுக்கும் நடுவில் இப்படி ஒரு கணக்கைப் போட்டுவைத்தால், எவ்வளவு நல்லவனும் தடுமாறுவான்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையும் இதே முடிச்சில்தான் திணறிக்கொண்டிருந்தது. 1775-ல் முதல் கமிசரி ஜெனரலான ஜோசப் டிரம்புல் தரகு கேட்டார், காங்கிரஸ் சம்பளம்தான் என்றது. 1777-ல் துறையை இரண்டாகப் பிரித்து, மூட்டைக்கு மூட்டை கணக்கெழுதும் விதிகளைப் போட்டதும் டிரம்புல் விலகினார். அந்தக் குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் பாளையத்தில் வீரர்கள் பட்டினி கிடந்தார்கள். 1778-ல் ஜெரமையா வாட்ஸ்வொர்த்தைத் தரகு அடிப்படையில் அமர்த்தியதும் உணவு வந்தது, கூடவே தரகுக்காக விலையை ஏற்றுகிறார்கள் என்ற புகாரும் வந்தது. தரகு கொடுத்தால் சாமான் வரும், நம்பிக்கை போகும். சம்பளம் கொடுத்தால் நம்பிக்கை நிற்கும், ஆள் கிடைக்கமாட்டார். அந்த நூற்றாண்டில் எந்த அரசும் இதற்கு எளிதில் விடை காணவில்லை.

விடைக்கு மிக அருகில் வந்தவர்கள், என் கணிப்பில், நம் பக்கத்து மைசூர்க்காரர்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சிக்கதேவராஜ உடையார் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தர ஒரு மாட்டு மந்தை வைத்திருந்தார். பெண்ணெ சாவடி என்று அதற்குப் பெயர். ஹைதர் அந்த மந்தையைப் பீரங்கிக்கும் பொதிக்கும் பழக்கினார். திப்பு அதற்கு அம்ரித் மகால் என்று பெயர்சூட்டி, மேய்ச்சல் காடு, கன்று பராமரிப்பு, பழக்கும் வயது, ஆண்டுக் கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் விதி எழுதினார். மேய்ப்பவர் முதல் மேலதிகாரி வரை அரசின் சம்பளக்காரர். ஒப்பந்தக்காரரும் இல்லை, துபாஷும் இல்லை. சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தார் என்று சொல்வார்கள். அந்த வேகத்தின் பின்னால் ஒரு மாட்டுத்துறை இருந்தது. 1799-ல் மந்தை கம்பெனி கைக்கு வந்தது. சரியான பொறுப்பாளர் இல்லாத சில ஆண்டுகளில் நலிந்தது. 1813-ல் சென்னை கமிசரியேட் அதிகாரி ஒருவர் பொறுப்பேற்ற பிறகே தேறியது. மாடுகள் அதே மாடுகள்தான், மாறியது பார்த்துக்கொண்ட ஆள்.

கம்பெனி தன் மாடுகளுக்கு ஒப்பந்தக்காரரையே நம்பியிருந்தது. 1790-ல் திப்புவோடு போர் மூண்டபோது சென்னை அரசு முன்கூட்டி மாடு சேர்க்கவில்லை என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கொதித்தார். 1791 மே மாதம் சீரங்கப்பட்டணத்துக்கு முன்னால் வென்று நின்றவர், மாடுகள் செத்து விழுந்ததால் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் புதைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பிய வழியில் எதிர்ப்பட்ட மராட்டியப் படையின் கடைத்தெருதான் அந்தப் படைக்குச் சோறு போட்டது. விலை அவர்கள் சொன்னது.

அதன்பின் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் செய்த வேலை தனியே பேசத் தகுந்தது. லம்பாடிகளை அவர் படைக்குக் கொண்டுவந்தார். லம்பாடிகள் யாருடைய வேலைக்காரரும் இல்லை. குடும்பம் குடும்பமாக, தாண்டா தாண்டாவாக, நாயக்கின் கீழ் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் நடந்தவர்கள். பெண்கள், குழந்தைகள், நாய்கள் எல்லாம் பொதிமாட்டோடு நடக்கும். சண்டையிடும் இரு பக்கமும் அவர்களைத் தொடுவதில்லை என்ற வழக்கம் இருந்தது. ரொக்கம் கொடுத்தால் வருவார்கள், வழிப்பறி செய்தால் மறுமுறை வரமாட்டார்கள். ரீட் அவர்களுக்கு விலையை உறுதி செய்தார், பாளையத்துக்குள் அவர்கள் மூட்டையை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொண்டார். பல்லாயிரம் மாடுகளோடு அவர்கள் வந்தார்கள். 1792-ல் கார்ன்வாலிஸ் மறுபடி சீரங்கப்பட்டணம் போனபோது பசி ஒரு காரணமாக இல்லை. அதிகாரம் செய்து வாங்க முடியாததை மதித்து வாங்க முடிந்தது. 1799-ல் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்புவதற்கு முன் மாதக்கணக்கில் நடந்த மாடு, தானிய ஏற்பாட்டில் ஆர்தர் வெல்லெஸ்லியும் உழைத்தார். அவருடைய இந்தியக் கடிதங்களில் மாடுகளைப் பற்றிய கவலை பக்கத்துக்குப் பக்கம் வரும். பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி நெப்போலியனை எதிர்த்த அவர் அந்தக் கவலையை இங்கேதான் கற்றார்.

ஆனால் ஒப்பந்தப் பழக்கம் லேசில் போகவில்லை. 1802-ல் சென்னைப் படையில் கூடார ஒப்பந்தம் என்று ஒரு முறை வந்தது. சிப்பாய்ப் பட்டாளங்களின் தலைவர்களுக்குக் கூடாரத்துக்கும் அதைச் சுமக்கும் மாட்டுக்கும் மாதாமாதம் குறிப்பிட்ட தொகை. போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும் அதே தொகை. மாடு குறைந்தால் மிச்சம் அவர்கள் பையில். குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஜான் மன்றோ இதை ஒழிக்கச் சொல்லி அறிக்கை எழுதினார். அதிகாரியின் கடமையும் அவருடைய வருமானமும் எதிரெதிராக நிற்கும்படி செய்வது சரியல்ல என்பது அவர் வாதம். ஒப்பந்தத்தை ரத்து செய்ததும் அதிகாரிகள் கொந்தளித்தார்கள். ஜான் மன்றோவைச் சிறைவைத்தார் தலைமைத் தளபதி. 1809-ல் மசூலிப்பட்டணத்திலும் சீரங்கப்பட்டணத்திலும் ஐதராபாத்திலும் வெள்ளை அதிகாரிகளே கலகம் செய்தார்கள். சென்னைப் படைக்குச் சம்பளக்காரர்களைக் கொண்ட கமிசரியேட் துறை உருவானது அதையொட்டிய ஆண்டுகளில்தான். சுமை மாட்டுக்கான தொகைக்காக ஓர் அரசையே எதிர்க்கத் துணிந்தார்கள் என்றால், அறுபது ஆண்டு இப்படிப்பட்ட ஒப்பந்தத் தொகைகளில் எவ்வளவு புழங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் கீழே, எந்தப் பட்டியலிலும் பெயராக வராத கூலிகள் இருந்தார்கள். மாடு கிடைக்காத நாளில் மூட்டை மனிதத் தலைக்கு மாறும். பல்லக்கு, டோலி, கூடாரத் தூண், குண்டுப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஊர்ச் சேரிகளிலிருந்து ஆள் பிடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பறையர், வயல் வேலை செய்தவர்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் நடவு நிற்கும், ஆகவே மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். கூலி நிலுவை, அடி, பசி தாங்காமல் ஓடியவர்கள் ஏராளம். பொள்ளிலூர் நடந்து இருபதாம் நாள், 1780 செப்டம்பர் 30-ஆம் தேதி, சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகளை உருவாக்கினார்கள். பாதை போடவும் பள்ளம் தோண்டவும் நிலையான சம்பளத்தில் அமர்த்தப்பட்ட ஆள்கள். அதுதான் இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படையின் தொடக்கம், தம்பிகள் என்று ராணுவம் முழுக்க அன்போடு அழைக்கும் அதே படை. பிடித்துக்கொண்டு வந்த கூலி இரவில் ஓடினான். சம்பளமும் சீருடையும் பெயரும் கொடுத்த அதே ஊர்க்காரன் இருநூற்று நாற்பது ஆண்டாக நிற்கிறான்.

போர் முடிந்த பிறகும் செங்கல்பட்டு ஜாகீர் எழ நாளானது. 1794-ல் லயனல் பிளேஸ் கலெக்டராக வந்தபோது பல ஊர்கள் இன்னும் ஆளில்லாமல் கிடந்தன, ஏரிகள் தூர்ந்திருந்தன. அவர் கடுமையான மனிதர், மிராசுதாரர்களோடு மோதியவர், வரியைக் கூட்டியவர். ஆனாலும் ஏரிகளைச் செப்பனிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மதகு பழுதானால் நெல் இல்லை, நெல் இல்லையென்றால் வரியும் இல்லை, படையும் இல்லை என்பதை அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள் கம்பெனிக்குக் காட்டியிருந்தன.

செம்பரம்பாக்கம் ஏரியின் பெயர் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். அதன் நீர் இப்போது சென்னையின் குழாய்களுக்குப் போகிறது. வடக்கே ஆவடியில் ராணுவத்தின் பெரிய தளவாடக் கிடங்கும், சீருடை தைக்கும் தொழிற்சாலையும், டாங்கி செய்யும் தொழிற்சாலையும் இருக்கின்றன. காலையில் பூந்தமல்லிச் சாலையிலும் ஆவடி ரயில் நிலையத்திலும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கே வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். கிடங்குக் கணக்கர், சரக்கு சரிபார்ப்பவர், வண்டி ஓட்டுநர். மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் சம்பளக்காரர்கள். 1780-ல் காஞ்சிக் கோயில் வாசலில் மன்றோவுக்கு இவர்களில் ஒரு பத்துப் பேர் இருந்திருக்க வேண்டும்.